உடலுக்குப் புரியும் சொல்: பிலாட்டீஸ் கற்பித்தலில் படிமங்கள்

பிலாட்டீஸ் பாய்ப்பயிற்சிகளில் ‘ரோல் அப்’ என்று ஒன்று உண்டு. மல்லாந்து படுத்து, கைகளைத் தலைக்கு மேல் நீட்டி, முதுகை வளைத்தபடியே மெல்ல எழுந்து உட்கார வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பிப் படுக்க வேண்டும். பார்ப்பதற்கு எளிது. செய்யப் போனால் பாதி வழியில் முதுகு பலகையாகிவிடும், கால்கள் தரையை விட்டுக் கிளம்பும், மூச்சு நின்றுபோகும். அந்த இடத்தில் ஆசிரியர் என்ன சொல்கிறார்? “வயிற்றுத் தசையைச் சுருக்குங்கள், இடுப்பெலும்பைப் பின்னால் சாயுங்கள், தோள்களை இறக்குங்கள், தாடையை உள்ளே இழுங்கள்” என்று நான்கு கட்டளைகளை அடுக்கலாம். “தரையில் ஒட்டியிருக்கும் நீளமான ஸ்டிக்கரை நடுவில் கிழியாமல் உரிப்பதுபோல எழுந்து வாருங்கள்” என்று ஒன்றை மட்டும் சொல்லலாம். இரண்டாவதைக் கேட்டவர்களில் பலருக்கு முதலாவது கேட்கும் நான்கும் தாமாகவே நடந்துவிடுவதைப் பயிற்றுநர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள்.

பயிற்றுநர்கள் இத்தகைய வாய்க்குறிப்பை ‘க்யூ’ என்கிறார்கள். அதில் ஒரு காட்சியோ உணர்வோ பொதிந்திருந்தால் அது படிமம். படிமம் ஏன் வேலை செய்கிறது, எப்போது செய்யாமல் போகிறது என்பதை அசைவுக் கல்வி ஆய்வாளர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் பல பயிற்சிக்கூடங்களில் அது இன்னமும் வகுப்புக்கு அழகூட்டும் பேச்சாகவே நடத்தப்படுகிறது. என் பார்வையில் அது கருவி. பிலாட்டீஸ் கருவிகளில் ஸ்பிரிங்கின் இழுவிசையைத் தேர்வதற்குக் காட்டும் கவனத்தை அந்தச் சொல்லைத் தேர்வதற்கும் காட்ட வேண்டும்.

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டவர் என்பதால் பிரிட்டனில் தடுத்துவைக்கப்பட்டு, மான் தீவின் நாக்கலோ முகாமில் காலம் கழித்தார். 1926இல் நியூயார்க் சென்றவர் தன் வாழ்க்கைத் துணை கிளாராவுடன் சேர்ந்து எட்டாம் அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கான்ட்ராலஜி’. 1945இல் வெளிவந்த அவருடைய நூலில் 34 பாய்ப்பயிற்சிகள் உள்ளன. கடல்நாய், அன்னம், ரம்பம், கார்க் திருகி என்று அவற்றின் பெயர்களிலேயே படிமம் இருக்கிறது. அவரிடம் நேரில் கற்றவர்கள் நினைவுகூரும் பிலாட்டீஸ் நீண்ட விளக்கங்கள் தருபவரல்லர். கையால் தொட்டுத் திருத்துவார், சுருக்கமாகக் கட்டளையிடுவார்.

அவர் சொல்லாமல் விட்டதில் பெரும்பகுதியை அவருடைய கருவிகள் சொல்லின என்பேன். ‘ரிஃபார்மர்’ கட்டிலில் படுத்துக்கொண்டு காலால் கம்பியை உந்தினால் ஸ்பிரிங்குகளை எதிர்த்து, உடலைத் தாங்கும் வண்டி நகர்கிறது. அங்கே கற்பவரின் கவனம் முழங்காலில் இருப்பதில்லை, வண்டியில் இருக்கிறது. அது தடதடவென்று வந்து மோதினால் கட்டுப்பாடு இல்லை என்று பொருள். சத்தமில்லாமல் வந்து சேர்ந்தால் இருக்கிறது. பாய்க்கு வரும்போது இந்த உதவி போய்விடுகிறது. வண்டியும் கம்பியும் இல்லாத இடத்தில் அவற்றின் வேலையைச் சொல்தான் செய்தாக வேண்டும்.

அந்தச் சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் பலர் பிலாட்டீஸிடம் வந்த நடனக்காரர்கள். ஈவ் ஜென்ட்ரி நடனக் கலைஞர் ஹான்யா ஹோமின் குழுவில் ஆடியவர், மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிலாட்டீஸிடம் பயின்று தேறியவர். முள்ளெலும்புகளை ஒவ்வொன்றாகத் தரையில் பதியவைக்கும் ‘இம்ப்ரின்டிங்’ பயிற்சி அவர் பெயரோடு இணைந்தது. தசையை இறுக்காமல், ஈர மணலில் தடம் விழுவதுபோல முதுகு தன் எடையைத் தரைக்குக் கொடுப்பதுதான் அதன் சாரம். கேத்தி கிராண்ட் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் நெடுங்காலம் கற்பித்தவர். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகப் படிமம் கண்டுபிடிப்பவர் என்று அவருடைய மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இதற்கு இணையாக இன்னொரு ஓடையும் நியூயார்க்கில் ஓடியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கற்பித்த மேபெல் டாட் 1937இல் ‘சிந்திக்கும் உடல்’ என்ற நூலை எழுதினார். அவருடைய மாணவி லூலு ஸ்வீகார்ட் 1950களிலிருந்து ஜூலியார்ட் கலைப்பள்ளியில் நடன மாணவர்களுக்கு ‘ஐடியோகைனசிஸ்’ முறையைக் கற்பித்தார். அவருடைய வாதம் துணிச்சலானது. நம் நிற்கும் பாங்கும் நடக்கும் பாங்கும் நரம்பு மண்டலத்தில் படிந்த பழக்கங்கள், ஆகவே தசைக்கு நேரடியாகக் கட்டளையிட்டால் பழைய பழக்கமே இன்னும் அழுத்தமாகத் திரும்பி வரும் என்றார் அவர். அதனால் முழங்கால்களை மடக்கிப் படுத்து, உடல் முழுவதையும் தளர்த்தி, அசைவை மனத்தில் மட்டும் ஓடவிட வேண்டும். எலும்புக்கூட்டில் அந்த அசைவு ஓட வேண்டிய ஒன்பது கோடுகளையும் அவர் வகுத்தார். 1974இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் நடனக் கல்வியில் பேசப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் எரிக் ஃபிராங்க்ளின் இந்த மரபை விரித்து எழுதிய நூல்கள் வழியாகத்தான் பிலாட்டீஸ் ஆசிரியர்களில் பலர் படிமக் கல்வியை அறிந்தார்கள்.

மனத்தில் ஓட்டிய அசைவு உடலை உண்மையிலேயே மாற்றுமா? 1992இல் குவாங் யூ, கெல்லி கோல் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். சுண்டுவிரலை வெளிப்பக்கமாக விரிக்கும் தசைக்கு நான்கு வாரப் பயிற்சி. ஒரு குழு விரலை உண்மையாகவே அழுத்திப் பயின்றது. இன்னொரு குழு அழுத்துவதாகக் கற்பனை மட்டும் செய்தது. முதல் குழுவின் வலிமை 30 சதவீதம் கூடியது, கற்பனைக் குழுவினுடையது 22 சதவீதம். எதுவும் செய்யாதவர்களுக்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. தசை வளர்வதற்கு முன்பே மூளை தசைக்கு அனுப்பும் ஆணை மாறுகிறது என்று இருவரும் விளக்கினார்கள். சுண்டுவிரலில் கண்டதை முதுகெலும்புக்கு அப்படியே நீட்டிவிட முடியாதுதான். ஆனாலும் ஸ்வீகார்ட் பிடித்த இழை வெறும் நம்பிக்கை இல்லை என்பதை இது காட்டுகிறது.

வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமானது அசைவுக் கல்வி ஆய்வாளர் கேப்ரியல் வுல்ஃபின் ஆய்வு. அவர் காற்றலைப் பலகைச் சறுக்கு பழகிக்கொண்டிருந்தபோது, தன் பாதங்களில் கவனம் வைத்தால் தடுமாறுவதையும் பலகையின் சாய்வில் வைத்தால் திருப்பம் எளிதாக வருவதையும் கவனித்தார். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1998இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட சோதனையில், பனிச்சறுக்கை ஒத்த அசைவு தரும் கருவியின் மேல் ஆட்களை நிறுத்தினார்கள். ஒரு குழுவிடம் “வெளிப்பக்கப் பாதத்தால் அழுத்துங்கள்” என்றார்கள். மற்றொரு குழுவிடம் “வெளிப்பக்கச் சக்கரங்களை அழுத்துங்கள்” என்றார்கள். சக்கரங்கள் பாதத்துக்கு நேர் கீழே இருந்தன, செய்ய வேண்டிய அசைவும் ஒன்றுதான். மாறியது கவனம் நின்ற இடம் மட்டுமே. சக்கரத்தை நினைத்தவர்கள் மேலாகக் கற்றார்கள். உறுப்பை நினைக்கும்போது நாம் அறிந்தே குறுக்கிட்டு, தானாக ஓடக்கூடிய அசைவைக் கட்டிப்போட்டுவிடுகிறோம் என்ற விளக்கத்தை 2001இல் வுல்ஃப் குழுவினர் முன்வைத்தார்கள்.

இந்தக் கருத்து விளையாட்டுப் பயிற்சி உலகில் வேகமாகப் பரவியது. 2021இல் ‘சைக்கலாஜிக்கல் புல்லட்டின்’ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, உறுப்பில் அல்லாமல் அசைவின் விளைவில் வைக்கும் ‘வெளிக்கவனமே’ மேல் என்று முடிவு சொன்னது. அதே இதழில் 2024இல் பிராட் மெக்கேயும் சகாக்களும் அந்தச் சான்றுகளை மீண்டும் எடைபோட்டார்கள். சாதகமான முடிவுகள் மட்டும் அதிகமாக அச்சேறிய சாய்வைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சும் பலன் மிகச் சிறியது, ஒன்றுமே இல்லாமலும் போகலாம் என்று அவர்கள் வாதிட்டார்கள். பயிற்றுநர்கள் இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘வெளிக்கவனம்’ என்பதை வேதவாக்காக்கி, உறுப்பின் பெயரைச் சொல்வதே தவறு என்று பயிற்சிப் பட்டறைகளில் போதிப்பதற்கு இன்றைய சான்று இடம் தரவில்லை.

பிலாட்டீஸுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மனம் ஒன்றிச் செய்வது இதன் அடிப்படை. ஃபிலிப் ஃபிரீட்மன், கெய்ல் ஐசன் இருவரும் 1980இல் எழுதிய நூல் வகுத்த ஆறு கோட்பாடுகளில் மன ஒருமையும் ஒன்று. விலாக்கூடு விரிவதையும் முள்ளெலும்பு தரையில் படுவதையும் உணரச் சொல்வது உள்நோக்கிய கவனம்தானே? சக்கரத்தை நினை என்கிறது ஒரு பக்கம், உன்னை உணர் என்கிறது மறுபக்கம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

உணர்வதும் கட்டளையிடுவதும் ஒன்றல்ல என்பதில் இதற்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். வுல்ஃபின் சோதனைகளில் இடைஞ்சல் செய்தது உறுப்பை இயக்க முயலும் கவனம். ‘இம்ப்ரின்டிங்’ கேட்பது, நடப்பதை அறியும் கவனம். “வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் தரையில் கனமாக இருக்கிறதா?” என்று ஆசிரியர் கேட்டால் கற்பவர் எதையும் திருத்த வேண்டியதில்லை, கவனித்தால் போதும். இந்தக் கேள்விக்கு இடம் அசைவுக்கு முன்னும் பின்னும். அசைவு நடக்கும்போது படிமம் ஒன்றே போதும். படிமம் உடலைப் பற்றியதாகவே இருந்துகொண்டு கவனத்தை உறுப்பிலிருந்து விளைவுக்கு நகர்த்திவிடுகிறது. உரிக்கப்படும் ஸ்டிக்கரை நினைப்பவர் தன் முதுகைத்தான் நினைக்கிறார், ஆனால் எந்தத் தசையையும் ஏவவில்லை. முன்னே ஒரு கேள்வி, நடுவில் ஒரு படிமம், பின்னே ஒரு கேள்வி, மற்ற நேரம் மௌனம். வகுப்பில் முழுக்கவனம் என்று பேசப்படுவதற்கு நடைமுறைப் பொருள் இதுவே.

மௌனம் இங்கே சிறு விஷயம் இல்லை. கரோலீ வின்ஸ்டைன், ரிச்சர்ட் ஷ்மிட் இருவரும் 1990இல் செய்த ஆய்வில், ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் திருத்தம் கேட்டவர்களைவிடப் பாதி முயற்சிகளுக்கு மட்டும் கேட்டவர்களே மறுநாள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். இடைவிடாமல் பேசும் ஆசிரியரின் வகுப்பில் அசைவு அழகாக நடக்கும். ஆனால் அது ஆசிரியரின் குரலைப் பற்றிக்கொண்டு நடக்கும், வீட்டுக்கு வராது.

படிமம் உடலமைப்புக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். “வயிற்றில் காற்றை நிரப்புங்கள்” என்பது பரவலான குறிப்பு. காற்று நுரையீரலைத் தாண்டிப் போவதில்லை. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது, கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் உயர்ந்து விரிகின்றன. உடற்கூறு நூல்கள் இதை வாளியின் கைப்பிடி அசைவு என்கின்றன. கீழ் விலாவின் மேல் இரு உள்ளங்கைகளையும் வைத்து, வாளியின் இரு கைப்பிடிகள் ஒரே நேரத்தில் எழுவதாக நினைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தால் உள்ளங்கைகள் விலகுவது தெரியும். சொல்லும் உடலும் ஒத்துப்போகும்போது இறுக்கம் தேவைப்படுவதில்லை. “உச்சந்தலையை ஒரு கயிறு மேலே இழுக்கிறது” என்ற புகழ்பெற்ற குறிப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. கயிறு உச்சிக்கு முன்னால் கட்டப்பட்டதாக ஒருவர் நினைத்துக்கொண்டால் தாடை மேலெழும், விலா முன்னால் துருத்தும். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்பதைத் தொட்டுக் காட்டாமல் அந்தக் குறிப்பைத் தருவது பாதி வேலை.

இன்னோர் எடுத்துக்காட்டு. மல்லாந்து படுத்துக் காலை உயர்த்தும்போது இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் இடுப்பின் பக்கவாட்டில் துருத்தும் எலும்பைத் தொடுவார்கள். தொடை எலும்பின் தலை கூபக எலும்பின் குழியில் அமரும் இடம் அதைவிட உள்ளே, தொடையும் வயிறும் மடியும் கோட்டின் ஆழத்தில் இருக்கிறது. விரலை அந்த மடிப்பில் வைத்து, “கால் இங்கிருந்து தொடங்குகிறது, இந்தக் குழிக்குள் ஒரு பந்து உருள்கிறது” என்று சொன்னால் தொடையின் முன்தசை பிடித்துக்கொள்வது குறையும், கால் இலகுவாக எழும். இங்கே உறுப்பின் இருப்பிடத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே உடற்கூற்று அறிவை வகுப்பிலிருந்து வெளியேற்றச் சொல்வோரோடு நான் உடன்படவில்லை.

ஆய்வுக்கூடத்துச் சொல் இடம் மாறி வகுப்புக்கு வந்து கெட்டுப்போன கதையும் உண்டு. 1996இல் ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும், கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் குறுக்கு வயிற்றுத் தசை சற்றுத் தாமதமாக இயங்குவதைக் கண்டார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் துணையோடு “தொப்புளை முதுகெலும்புக்கு இழுங்கள்” என்ற குறிப்பு உலகெங்கும் பரவியது. நுண்ணிய தாமதத்தைப் பற்றிய முடிவு, நாள் முழுதும் வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமாக மாறியது. மூச்சை அடைத்துக்கொண்டு பயிற்சி செய்பவர்களிடம் இந்தக் குறிப்பை எத்தனை முறை சொன்னாலும் இறுக்கம்தான் கூடும்.

கற்பவரின் வாழ்வுக்குப் பொருந்துவது அடுத்த நிபந்தனை. இதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று மேசைப்பந்து ஆட்டத்திலிருந்து வருகிறது. 2001இல் லியாவ், ரிச் மாஸ்டர்ஸ் இருவரும் புதியவர்களுக்கு மேல்சுழல் அடி கற்பித்தார்கள். ஒரு குழுவுக்கு விதிகளின் பட்டியல். இன்னொரு குழுவுக்கு, மட்டையைச் செங்கோண முக்கோணத்தின் சாய்பக்கம் வழியே மேலே கொண்டு போ என்ற ஒரே படிமம். மனக்கணக்கும் போட்டுக்கொண்டே ஆடச் சொன்னபோது விதிப் பட்டியல் குழு தடுமாறியது, முக்கோணக் குழு தாக்குப்பிடித்தது. பின்னர் ஹாங்காங்கில் சீன மாணவர்களிடம் அதே முக்கோணம் அவ்வாறு பலிக்கவில்லை. எனவே ஜேமி பூல்டன், மாஸ்டர்ஸ், ஜான் மாக்ஸ்வெல் மூவரும் அவர்களுக்குப் பொருந்தும் படிமமாக மலைச்சரிவில் மட்டை ஏறுவதைத் தேர்ந்தெடுத்து 2007இல் வெளியிட்டார்கள். அசைவு ஒன்றுதான். முக்கோணத்தின் இடத்தில் மலை வந்ததும் கற்றல் நடந்தது.

ஸ்வீகார்டின் பெயர்பெற்ற படிமங்களில் ஒன்று, தரையில் கிடக்கும் வெற்று ஆடை: உள்ளே உடல் இல்லாத கோட்டு, முழங்காலில் ஹேங்கர் மாட்டிய கால்சட்டை. அவருடைய நியூயார்க் மாணவர்களின் அலமாரியில் அது தினமும் தொங்கியது. கீழ்வயிற்றை மெல்ல உள்வாங்க, இறுக்கமான ஜீன்ஸின் ஜிப்பை மேலே இழுப்பதாக நினைக்கச் சொல்வது மேலை நாட்டு வகுப்புகளில் வழக்கம். அதே குறிப்பைச் சென்னையிலோ மதுரையிலோ வாழ்நாளெல்லாம் சேலை கட்டிய ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் சொல்வதில் பயன் என்ன? கொசுவத்தை மடித்து இடுப்பில் செருகும் கணத்தில் அவர் அடிவயிறு தானாகச் சற்று உள்வாங்குகிறது, தோள் இறுகுவதில்லை, நின்ற நிலை குலைவதில்லை. “அம்மா, கொசுவம் செருகும்போது வயிறு எப்படிப் போகும்? அவ்வளவுதான்” என்றால் முடிந்தது. அவருடைய மகளுக்கு இதே குறிப்பு பயன்படாமல் போகலாம். அவளுக்கு ஜிப்பே சரி. தலையில் குடம் சுமப்பதாக நினைக்கச் சொல்வது முதுகை நீட்டுவதற்கு நல்ல படிமம் என்று தோன்றும். கட்டட வேலையில் செங்கல் சுமந்து கழுத்துவலியோடு வந்திருக்கும் சித்தாளிடம் அதைச் சொல்லிவிடக் கூடாது. படிமத்தோடு அந்த வாழ்க்கையும் சேர்ந்தே வரும்.

மனக்கண்ணில் எதையுமே காண முடியாதவர்களும் இருக்கிறார்கள். பிரான்சிஸ் கால்ட்டன் 1880இலேயே, காலையுணவு மேசையை நினைவில் கொண்டுவரச் சொல்லி இந்த வேறுபாட்டைப் பதிவு செய்தார். 2015இல் ஆடம் ஜீமன் இதற்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வைத்தார். அவர்களிடம் “மணலைப் பாருங்கள்” என்றால் இருட்டுதான். ஒரு துண்டைச் சுருட்டி முதுகுக்கடியில் வைத்தாலோ, பாதத்துக்கும் சுவருக்கும் இடையில் சிறு பந்தைக் கொடுத்தாலோ வேலை நடக்கும். படிமம் பிடிபடவில்லை என்றால் மாணவருக்குக் கவனம் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பயமூட்டும் படிமங்களை நான் முற்றாக மறுக்கிறேன். “இப்படிச் செய்தால் டிஸ்க் பிதுங்கிவிடும்”, “உங்கள் முதுகு தேய்ந்த சக்கரம்” போன்ற பேச்சுகள் ஒழுங்காகச் செய்யவைப்பதற்காகவே சொல்லப்படுகின்றன. நியூசிலாந்தில் பென் டார்லோவும் சகாக்களும் முதுகுவலி உள்ளவர்களை நேர்கண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவத் துறையினர் போகிறபோக்கில் சொன்ன சொற்கள் நெடுங்காலம் தங்கி, மக்களைக் குனியவும் தூக்கவும் அஞ்சவைப்பதைக் காட்டியது. நல்ல படிமம் உடலில் தங்கும் என்றால் கெட்டதும் தங்கும். முதுகுவலிக்கு மற்ற உடற்பயிற்சிகளைவிட பிலாட்டீஸ் மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2015ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகவே பயமுறுத்தி மாணவரைத் தக்கவைத்துக்கொள்ள எந்தப் பயிற்றுநருக்கும் உரிமை கிடையாது.

தமிழ்நாட்டில் இன்று பிலாட்டீஸும் இயன்முறைப் பயிற்சிகளும் பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளோடு, அல்லது அவற்றின் நேர்மொழிபெயர்ப்போடு கற்பிக்கப்படுகின்றன. தமிழில் கற்பிக்கும் பயிற்றுநர்களிடமும் இயன்முறை மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாணவரிடம் பலித்த குறிப்பை அன்றே ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருக்குப் பலித்தது, அவர் என்ன வேலை செய்பவர், எந்த அசைவு மாறியது, யாருக்குப் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குப் பின் வகுப்பெடுக்க வரும் இளம் பயிற்றுநரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள்.